கரண்ட் போனால் தெரிகிறது, கேபிள் அறுந்தால் தெரிவதில்லை

திருச்சி தென்னூர் உழவர் சந்தைப் பக்கம் ஒரு வீடு. ஃபைபர் இணைப்பு, ஹால் சுவரில் ரவுட்டர், சோபாவில் ஒருவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று கரண்ட் போகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஃபேனும் ஒரு லைட்டும் ஓடுகின்றன. ஆனால் ரவுட்டர் அந்த லைனில் இல்லை, அணைந்துவிட்டது. சில விநாடிகளில் போனின் மேல் மூலையில் வைஃபை குறி மறைந்து 4ஜி என்று வருகிறது. படம் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி ஓடுகிறது. அவர் போனில் எதையும் தொடவில்லை.

இன்னொரு நாள் கரண்ட் இருக்கிறது. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டார்கள். அதே சோபா, அதே போன். வைஃபை குறி முழுதாக நிற்கிறது. படம் மட்டும் வரவில்லை. நடுவில் வட்டம் சுற்றுகிறது.

இரண்டு நாளும் போனது ஒன்றுதான், இணையம். முதல் நாள் உடனே சுதாரித்துக்கொண்ட போன் இரண்டாம் நாள் ஏன் கோட்டை விட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் 1990இல் கலிபோர்னியாவில் எழுதப்பட்ட ஒரு சின்ன ஏற்பாட்டில் போய் நிற்போம்.

யாருக்கு முதலில் தெரியும்?

போனிலோ கணினியிலோ நாம் பார்க்கும் செயலிகள் எதுவும் நேராக வைஃபை சில்லைத் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் எப்போதும் ஓடுகிறது. அதற்குக் கருனி என்று பெயர். பேச்சில் கர்னல் என்பார்கள். நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளைப் படிப்பது, வன்பொருளோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கருனி. ஐபோனும் மேக் கணினியும் வலை விஷயத்தில் பெர்க்லி யூனிக்ஸ் பரம்பரை.

வெளியுலகத்தோடு பேச ஒரு கருவிக்கு உள்ள ஒவ்வொரு வழியையும் கருனி ஓர் இடைமுகம் என்று பதிந்துகொள்கிறது. வைஃபை ஓர் இடைமுகம். சிம் கார்டு வழி வரும் தரவு இன்னொன்று. கணினியில் செருகும் லேன் கம்பி மற்றொன்று.

ஒவ்வோர் இடைமுகத்தைப் பற்றியும் மூன்று விவரங்கள் முக்கியம். ஒன்று, அது உயிரோடு இருக்கிறதா. இரண்டு, அதற்குக் கிடைத்த ஐ.பி. முகவரி என்ன. மூன்று, எந்த ஊருக்குப் போகும் தரவு அதன் வழியே போக வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் வழிப்பட்டியல் என்கிறோம். சாதாரண வீட்டுக் கணினியில் இந்தப் பட்டியல் இரண்டு மூன்று வரிதான் இருக்கும். 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, வைஃபையில் நேராக அனுப்பு என்பது ஒரு வரி. மற்றது எதுவானாலும் 192.168.1.1 என்ற ரவுட்டரிடம் கொடு என்பது இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரிக்கு இயல்பு வழி என்று பெயர். உலகமே அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் முதலாவது, உயிரோடு இருக்கிறதா என்பது, எப்படித் தெரியும்? வைஃபை ரவுட்டர் விநாடிக்குச் சுமார் 10 முறை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சின்ன அறிவிப்பை வானொலியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனதும் அது நின்றுவிடுகிறது. தொடர்ந்து பல அறிவிப்புகள் வராமல் போனால், வைஃபை சில்லும் அதை இயக்கும் நிரலும் ஓரிரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இணைப்பு போய்விட்டது என்று முடிவுகட்டுகின்றன. கருனிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் செயலிகளுக்கு? அவற்றுக்கு யார் சொல்வது?

போய்ப் பார்ப்பதா, சொல்லச் சொல்வதா?

ஊரில் நடந்த ஒன்றை வைத்துப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் பராமரிப்புக்காகத் திருச்சி காவிரிப் பாலத்தை மூடினார்கள். 1976இல் கட்டிய பாலம். தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகிறவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நேரே போகும் வழி அது. மறுபடி முழுதாகத் திறந்தது 2023 மார்ச்சில். அதுவரை வண்டிகள் சென்னை பைபாஸ் பாலம் வழியே சுற்றிப் போயின.

பாலம் திறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கு இரண்டு வழி இருந்தது. தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அல்லது வீட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, அறிவிப்பு வரும்போது காதில் வாங்கிக்கொள்ளலாம்.

யூனிக்ஸ் நிரல்கள் நெடுநாள் முதல் வழியில்தான் இருந்தன. 'என்னென்ன இடைமுகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது?' என்று கருனியிடம் கேட்க ஒரு வசதி இருந்தது. கேட்டால் பதில் வரும். ஆனால் மாறினால் தெரிய வேண்டுமென்றால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். விநாடிக்கு ஒரு முறை கேட்டால் ஒரு நாளைக்கு 86,400 முறை. அதில் பெரும்பாலும் வரும் பதில் 'மாற்றமில்லை' என்பதுதான். போன் என்றால் அத்தனை முறையும் தூக்கத்திலிருந்து எழுந்து பேட்டரியைத் தின்னும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்போம் என்று சிக்கனம் பிடித்தால், கரண்ட் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இரண்டு கேள்விகளுக்கு நடுவே இணைப்பு விழுந்து எழுந்துவிட்டால், முன்பும் சரி பின்பும் சரி 'இருக்கிறது' என்றே பதில் வரும். விழுந்த சேதியே தெரியாது. நடுவில் முகவரி மாறியிருக்கலாம், திறந்திருந்த உரையாடல்கள் அறுந்திருக்கலாம்.

பெர்க்லி, 1990

இணையம் இன்று பேசும் நெறிகளை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்து ஊரெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு. 1983இல் வந்த 4.2பி.எஸ்.டி. என்ற வெளியீட்டில் சாக்கெட் என்ற ஏற்பாடு அறிமுகமானது. ஒரு நிரல் வலையோடு பேசுவதற்குத் திறக்கும் வாய் அது. கோப்பைத் திறந்து படிப்பது போலவே சாக்கெட்டைத் திறந்து, வருவதைப் படிக்கலாம், அனுப்ப வேண்டியதை எழுதலாம்.

1990இல் 4.3பி.எஸ்.டி. ரீனோ வெளியானது. ரீனோ என்பது நெவாடா மாநிலத்தின் சூதாட்ட விடுதிகளுக்குப் பேர் போன ஊர். இந்த வெளியீட்டைப் பயன்படுத்துவது கொஞ்சம் சூதாடுவது மாதிரிதான் என்று எச்சரிக்கவே அந்தப் பெயர் வைத்தார்கள். இதற்காக வழிப்பட்டியலைப் புதிதாக வடிவமைத்தவர் பெர்க்லியின் கீத் ஸ்க்லோவர். வெளியே போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் பொருத்தமான வரியைச் சட்டென்று எடுக்கும்படி பட்டியலைக் கிளை கிளையான மர வடிவில் அமைத்தார். அதோடு கூட வந்ததுதான் ரூட்டிங் சாக்கெட்.

யோசனை எளிமையானது. வெளி ஊரோடு பேச சாக்கெட் திறக்கிறோம். அதே மாதிரி கருனியோடு பேசவும் ஒரு சாக்கெட் திறந்தால் என்ன? அந்த வாயில் வழிப்பட்டியலை மாற்றும்படி எழுதலாம். சும்மா படித்துக்கொண்டும் இருக்கலாம். படிக்க உட்கார்ந்த நிரலைக் கருனி தூங்க வைத்துவிடும். அது எந்த வேலையும் செய்யாது, மின்சாரமும் தின்னாது. ஏதாவது மாறினால் கருனியே ஒரு செய்தியைப் போட்டு எழுப்பும்.

இந்த வடிவமைப்பில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. மாற்றத்தைச் செய்தது யாராக இருந்தாலும் செய்தி எல்லாருக்கும் போகும். கம்பியைப் பிடுங்கியதால் வந்த மாற்றமா, இன்னொரு நிரல் வழிப்பட்டியலில் ஒரு வரியை அழித்ததா என்ற பேதமில்லை. நிரல் ஒன்று செய்த மாற்றம் என்றால், எந்த நிரல் என்ற அடையாள எண்ணும் செய்தியில் இருக்கும். ஒரே கணினியில் ஐந்து நிரல்கள் வலையைக் கவனித்தாலும் ஐந்துக்கும் ஒரே சேதி.

லினக்ஸ் இதே வேலைக்கு நெட்லிங்க் என்ற தன் சொந்த வடிவத்தைக் கட்டிக்கொண்டது. வழி, முகவரி, இடைமுகம் மூன்றுக்குமான பகுதி 1999இல் வெளியான 2.2 பதிப்பில் வந்தது. இதில் கேட்பவர் 'எனக்கு இடைமுகச் செய்தி மட்டும் போதும்', 'முகவரிச் செய்தியும் வேண்டும்' என்று பிரித்துப் பதிந்துகொள்ளலாம். செய்தியின் ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தையும் வகையையும் முதலிலேயே சொல்லிவிடும். அதனால் புதிய கருனி புதுவகைத் துண்டு ஒன்றை அனுப்பினால், அதை அறியாத பழைய நிரல் அந்த நீளத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும், தடுமாறாது.

தென்னூர் வீட்டில் ஒரு மடிக்கணினி

இனி இதை நேராகவே பார்த்துவிடுவோம். அதே வீட்டில் லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினி. பேட்டரியில் ஓடுகிறது. கருப்புத் திரையில் 'ஐபி மானிட்டர்' என்ற கட்டளையைக் கொடுத்திருக்கிறோம். நெட்லிங்க் சாக்கெட்டைத் திறந்து, வரும் செய்தியை வரி வரியாக அச்சிடுவதுதான் அதன் ஒரே வேலை. எதுவும் மாறாதவரை திரை வெறுமையாக நிற்கும். இடையிடையே பக்கத்துக் கருவிகளைப் பற்றிய வரிகள் வந்துபோகும், அவற்றை விட்டுவிடுவோம்.

கரண்ட் போகிறது. ரவுட்டர் அணைகிறது.

முதல் செய்தி: வைஃபை இடைமுகத்தின் நிலை மாறியது, மறுமுனையில் சமிக்ஞை இல்லை. இது கருனி தானாகச் சொன்னது.

இரண்டாம் செய்தி: 192.168.1.7 என்ற முகவரி நீக்கப்பட்டது. இதைக் கருனி தானாகச் செய்யவில்லை. கணினியில் ஓடும் நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரலும் அதே சாக்கெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. இணைப்பு போனதைக் கேட்டதும், இனி செல்லாத முகவரியை எடுத்துவிடும்படி அது கருனியிடம் சொன்னது. கருனி எடுத்துவிட்டு, எடுத்ததை எல்லாருக்கும் அறிவித்தது.

மூன்றாம் செய்தி: 192.168.1.1 வழியாகப் போகும் இயல்பு வழி நீக்கப்பட்டது. இந்த வரி போனதும் கணினிக்கு உலகத்துக்குப் போகும் வழி ஒன்றுமே இல்லை. உலாவியில் எதைத் திறந்தாலும் உடனே 'இணையம் இல்லை' என்று வரும். காத்திருந்து களைக்க வேண்டியதில்லை.

இப்போது செல்போனை யு.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியில் செருகி, போனின் இணையத்தைப் பகிரும் வசதியை இயக்குகிறோம்.

நான்காம் செய்தி: புதிதாக ஓர் இடைமுகம் பிறந்தது. ஒரு விநாடிக்கு முன்பு அது கணினியில் இல்லவே இல்லை.

ஐந்தாம் செய்தி: அதற்கு உயிர் வந்தது.

ஆறாம் செய்தி: 192.168.42 என்று தொடங்கும் ஒரு முகவரி அதற்குக் கிடைத்தது. கொடுத்தது போன்.

ஏழாம் செய்தி: இயல்பு வழி இனி அந்த இடைமுகம் வழியே.

ஏழே வரிகள், கணினி ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்கு மாறிவிட்டது. வரிசை சில சமயம் சற்று முன்பின்னாக வரும், ஒரே விஷயத்துக்கு இரண்டு வரி வருவதும் உண்டு. ஆனால் கதை இதுதான். செல்போனுக்குள் வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறும்போதும் நடப்பது இந்த மாதிரிதான். ஆண்ட்ராய்டில் நெட்-டி என்ற பின்னணி நிரல் நெட்லிங்க் செய்திகளைக் கேட்டு மேல்மட்டத்துக்கு எடுத்துச் சொல்கிறது.

வழி மாறியது சரி, பேச்சு ஏன் அறுகிறது?

மாற்றம் இவ்வளவு சுத்தமாக நடக்கிறதென்றால் ஓடிக்கொண்டிருந்த படம் ஏன் சில விநாடி தயங்குகிறது? காரணம் முகவரி. இணையத்தில் பெரும்பாலான உரையாடல்கள் டி.சி.பி. என்ற நெறியில் நடக்கின்றன. அந்த நெறியில் ஓர் உரையாடலுக்கு அடையாளமே இரு முனைகளின் முகவரிகளும் கதவு எண்களும்தான். ஒரு முனையின் முகவரி மாறினால் பழைய உரையாடல் அத்தோடு சரி. புதிதாகத் தொடங்க வேண்டும்.

இங்கேதான் செய்தி கேட்கும் செயலிக்கும் கேட்காத செயலிக்கும் வித்தியாசம் தெரியும். கேட்கும் செயலி பழைய உரையாடலைக் கையோடு மூடிவிட்டுப் புது முகவரியில் தொடங்கும். கேட்காதது, பதில் வராதா என்று பழைய உரையாடலிலேயே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, அலுத்துப்போன பிறகுதான் விஷயத்தைப் புரிந்துகொள்ளும். அந்த அலுப்பு வர நிமிடக் கணக்கில்கூட ஆகலாம்.

2021 மே மாதம் தரமாக வெளியான குவிக் என்ற புது நெறி, முகவரியை நம்பாமல் உரையாடலுக்குத் தனி அடையாள எண்களைக் கொடுக்கிறது. முகவரி மாறினாலும் அந்த எண்களில் ஒன்றைக் காட்டிப் பேச்சைத் தொடரலாம். ஆனால் அதற்கும் முதலில் 'என் முகவரி மாறிவிட்டது' என்று தெரிய வேண்டும். தெரிவிப்பது அதே கருனிச் செய்திதான்.

செய்தி தவறிப்போனால்?

கேட்பவர் மெதுவாகப் படித்தால், படிக்காத செய்திகளைக் கருனி ஒரு சின்ன இடத்தில் சேர்த்து வைக்கும். அந்த இடம் நிறைந்தால் புதிதாக வருபவை கீழே விழும். நூற்றுக்கணக்கான மெய்நிகர் இடைமுகங்கள் பிறந்து மறையும் பெரிய சர்வர்களில் இது நிஜமாகவே நடக்கிறது. தவறிய செய்தி எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. லினக்ஸ் குறைந்தபட்சம் 'இடம் போதவில்லை, சில செய்திகள் போய்விட்டன' என்று ஒரு பிழையைக் காட்டும். அதைப் பார்த்த நிரல் தன்னிடம் உள்ள விவரங்களை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு, முழுப் பட்டியலையும் கருனியிடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

தொடங்கும்போதும் இப்படி ஒரு பொறி உண்டு. புதிதாக ஓடத் தொடங்கும் நிரலுக்கு இன்றைய நிலவரமும் வேண்டும், இனி வரும் மாற்றங்களும் வேண்டும். முதலில் பட்டியலை வாங்கிவிட்டுப் பிறகு கேட்க உட்கார்ந்தால், இரண்டுக்கும் நடுவே நடந்த மாற்றம் எதிலும் சேராது. பாலம் மூடியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்து வீட்டில் ரேடியோவைப் போடுவதற்குள் 'திறந்தாயிற்று' என்று சொல்லி முடித்துவிட்டால், அவர் நெடுநாள் பைபாஸைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஆகவே விதி இது: முதலில் காதைத் திறந்து வை, பிறகு பட்டியலைக் கேள். ஒரே மாற்றம் இரண்டு முறை காதில் விழலாம், அதனால் நஷ்டமில்லை. தவறாமல் விழுவதுதான் முக்கியம்.

கருனி அறியாதது

இப்போது தெருவில் அறுந்த கேபிளுக்கு வருவோம். ரவுட்டருக்குக் கரண்ட் இருக்கிறது. விநாடிக்குப் பத்து முறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. போனின் வைஃபை இடைமுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. முகவரி இருக்கிறது, வழிப்பட்டியலில் ரவுட்டர் இருக்கிறது, ரவுட்டர் பதில் சொல்கிறது. ஃபைபர் அறுந்தது ரவுட்டருக்கு அப்பால். போனின் கருனி தன் இடைமுகங்களைப் பற்றி மட்டுமே அறியும். அவற்றில் எதுவும் மாறவில்லை என்பதால் சாக்கெட்டில் ஒரு செய்தியும் வரவில்லை. வைஃபை குறி காட்டுவது ரவுட்டர் வரை உள்ள பலத்தை. அதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

அப்பால் நடப்பதை அறிய பழைய முறையைத்தான் நாட வேண்டும்: போய்ப் பார்ப்பது. ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் சேரும்போது கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்ன வேண்டுகோள் ஒன்றை அனுப்பி, வெற்றுப் பதில் வருகிறதா என்று சோதிக்கும். வந்தால் இணையம் உண்டு. நடுவழியில் சந்தேகம் வந்தால் மறுபடி சோதிக்கும். ஆனால் சந்தேகம் வர நேரமாகும், சோதனை தோற்றுப்போனது என்று தீர்மானிக்கவும் நேரமாகும். அந்த இடைவெளியில்தான் திரையில் வட்டம் சுற்றுகிறது.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் செய்யும் கைவைத்தியம் வைஃபையை அணைத்துவிடுவது. அது பலிப்பதற்குக் காரணம் இதுதான். கருனிக்குக் கிடைக்காத செய்தியை நீங்களே கையால் உண்டாக்குகிறீர்கள். இடைமுகம் விழுகிறது, முகவரி போகிறது, வழி மாறுகிறது, செயலிகள் விழித்துக்கொள்கின்றன.

யார் கேட்கலாம்?

வழிப்பட்டியலை மாற்ற நிர்வாகி உரிமை வேண்டும். வெறுமனே கேட்க லினக்ஸில் யாரும் தடுப்பதில்லை. போன்களில் மட்டும் நிலைமை மாறியிருக்கிறது. இடைமுகச் செய்தியில் அந்தக் கருவிக்கே உரிய வன்பொருள் முகவரியும் அடங்கியிருக்கும். அதை வைத்து ஒருவரைப் பின்தொடரலாம். அதனால் 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், அந்தப் பதிப்புக்கென எழுதப்படும் சாதாரணச் செயலிகள் நெட்லிங்கில் பதிந்து நேராகக் கேட்க முடியாது. இயங்குதளம் வடிகட்டித் தரும் அறிவிப்பைத்தான் கேட்க வேண்டும். அந்தரங்கத்தைக் காக்க இது சரியான முடிவு.

கணினியில் அந்தத் தடையில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ஐபி மானிட்டர்' என்றும், மேக் வைத்திருப்பவர்கள் 'ரூட் மானிட்டர்' என்றும் கொடுத்துவிட்டு வைஃபையை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். பார்ப்பதால் எதுவும் கெடாது. துவாக்குடி என்.ஐ.டி.யிலோ வேறு கல்லூரியிலோ நிரல் எழுதப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'விநாடிக்கொரு முறை சோதி' என்ற வரியை எழுதுவதற்கு முன், நீங்கள் தேடும் மாற்றம் உங்கள் கருவியின் இடைமுகத்தில் நடப்பதா, அதற்கு அப்பால் நடப்பதா என்று கேட்டுப் பாருங்கள். இடைமுகத்தில் நடப்பதென்றால் சோதிக்க வேண்டாம். சாக்கெட்டைத் திறந்து வைத்தால் போதும், கருனியே சொல்லும்.